குளக்கரைப் படலில் விட்ட வழி

என் அம்மாவுக்கு இடது முழங்கால் மடங்காது. களத்தில் நெல் மூட்டை அடுக்கும்போது அட்டி சரிந்து காலில் விழுந்தது என்பார்கள். நான் அப்போது கைக்குழந்தை. முழங்கால் மடங்காதவள் நடவு நட முடியாது. நடவு நட முடியாதவளுக்கு எங்கள் தெருவில் வேறு என்ன வேலை? "கால எடுத்துக்கிட்டான், கண்ண வுட்டுட்டுப் போனான்" என்று கடவுளைப் பற்றி அம்மாவே சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கண்ணைத்தான் தெரு வாங்கிக்கொண்டது. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று போகிற பெண்கள் எல்லோரும் விடிந்ததும் குழந்தைகளைக் கொண்டுவந்து அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள்.

எங்கள் தெரு குடவாசலுக்குத் தெற்கே, வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவில் இருந்தது. கிழக்குக் கோடியில் குளம். குளக்கரையில் ஒரு பூவரச மரம். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் எல்லோருக்கும் போதுமான நிழல் அது ஒன்றுதான். குளத்துக்கு அந்தப் புறம் வயல். பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தால் தாய்க்காரி கரையைச் சுற்றி ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். அதனால் குளக்கரைதான் பிள்ளை பார்க்கிற இடம் என்று ஆகிப்போனது. தண்ணீருக்குப் பக்கத்தில் பிள்ளைகளை வைக்கலாமா என்று இப்போது கேட்பவர்கள் உண்டு. வேறு நிழல் இருந்தவர்கள் கேட்கிற கேள்வி அது.

அம்மா எப்போதும் குளத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பாள். யார் வந்து பேசினாலும் முகத்தைத் திருப்ப மாட்டாள். புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கு அது கர்வமாகத் தெரியும். "ஒங்கம்மாவுக்கு என்னா இம்புட்டு ராங்கி? மொகத்த பாத்துப் பேச மாட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னால், "கொளத்துக்குக் கை இருக்கு. எனக்கு முதுகுல கண்ணு இல்ல. மொகத்த பாக்கணும்னா அவள இந்தப் பக்கம் வந்து குந்தச் சொல்லு" என்பாள்.

பச்சைப் பிள்ளைகளுக்குக் கிளையில் தூளி. தவழும் பிள்ளைகளுக்குச் சாக்கு விரிப்பு. நடக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்குத்தான் கயிறு. பழைய சேலையைக் கிழித்து, சடை பின்னுவதுபோல் பின்னி, பிள்ளையின் இடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் முடிச்சுப் போடுவாள், பிஞ்சுக் கை எட்டாத இடத்தில். மறுமுனை மரத்தின் வேரில். ஒவ்வொரு கயிற்றையும் தண்ணீர்ப் பக்கம் முழுக்க இழுத்துப் பார்ப்பாள். பிள்ளை குப்புற விழுந்து கையை நீட்டினாலும் விரலில் ஈரம் படக்கூடாது, அதுதான் அளவு. குளத்தில் தண்ணீர் ஏற ஏறக் கயிறு குறையும். கோடையில் குளம் வற்றிவிட்டால் கயிறே கிடையாது. பிள்ளைகள் குளத்துக்குள்ளேயே இறங்கிப் புழுதியில் புரண்டுகொண்டு கிடக்கும்.

"தவழுற புள்ள நமக்குப் பயப்படும். நடக்குற புள்ளைக்கு நாமதான் பயப்படணும்" என்பாள் அம்மா. இந்த மாதிரிப் பேச்சுகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வதில் சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்தே எனக்கு ஆசை. பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் உட்காரவில்லை. சங்கத்துக் கொட்டகையில் ஒட்டியிருந்த பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் தெருவில் யார் எதைச் சொன்னாலும் அந்தச் சொல் அப்படியே எனக்குள் உட்கார்ந்துவிடும். அதனால்தான் இதையெல்லாம் இன்னும் மறக்க முடியாமல் கிடக்கிறேன்.

சென்னையில் ஆட்சி மாறி, புதிய ஆட்சி வேரூன்றிய காலம். எங்கள் தெருவில் சங்கக் கொடி ஏறியிருந்தது. கூலி நெல்லுக்காக ஒவ்வொரு பட்டத்துக்கும் தகராறு. வெளியூர் ஆளை இறக்குவோம் என்பார்கள் பண்ணையார்கள். இறக்கினால் மறிப்போம் என்பார்கள் எங்கள் ஆட்கள். அந்த நேரத்தில்தான் குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. அதுவரைக்கும் நாங்கள் இருந்த இடம் பண்ணையுடையது. எந்த நேரமும் பிரித்துப் போடச் சொல்லலாம் என்பதால் கீற்றும் மூங்கிலும்தான் வீடு. சட்டம் வந்த அந்தக் கோடையில் எங்கள் தெருவே சுவர் வைத்தது. மண் சுவர். வற்றிக் கிடந்த குளத்தில் இறங்கி ஆணும் பெண்ணுமாகக் களிமண் வெட்டினோம். நானும் கூடை சுமந்தேன். கல்யாண வீடு மாதிரி இருந்தது. "கொளத்த வூட்டுக்குள்ள கொண்டாந்துட்டோம்டி" என்று பெண்கள் கத்திக்கொண்டு போவார்கள். குளத்தின் நடுவில் ஆளுயரத்துக்குப் பள்ளங்கள் விழுந்தன. பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளங்கள் விளையாட்டு வீடு. ஒளிந்து விளையாடுவதற்கு அதைவிட நல்ல இடம் உண்டா?

எங்கள் பக்கத்து வீட்டில் சித்தியும் சித்தப்பாவும் இருந்தார்கள். சொந்தச் சித்தி இல்லை. அம்மாவும் அவளும் ஒரே ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், அதனால் அக்கா தங்கை. சித்தப்பாதான் எங்கள் தெருவுக்குச் சங்கத்துச் செயலாளர். அவர்களுக்கு ஒரே மகன், மூன்று வயது நிறையாத பையன். அவனைப்போலச் சிரிக்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. திட்டினாலும் சிரிப்பான். முறைக்கு அம்மா அவனுக்குப் பெரியம்மா. ஆனால் தெருப் பிள்ளைகளைப்போல "அத்தை" என்று பழகி, அதையும் "கண்ணத்தை" ஆக்கிவிட்டான், அம்மா கண்ணை உருட்டிக் காட்டுவதால்; மற்ற பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டன.

சித்தப்பாவின் தோளிலும் முதுகிலும் தழும்புகள் இருந்தன. வாலிபத்தில், மேய்த்த மாடு ஒன்று பண்ணை நாற்றங்காலில் வாயை வைத்துவிட்டது என்று, களத்துத் தென்னை மரத்தில் கட்டிப் போட்டு அடித்தார்கள். அடித்தது வலித்ததைவிட, கட்டிக் கிடந்தபோது வழியில் போனவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்களே, அதுதான் வலித்தது என்று பின்னால் சங்கக் கூட்டத்தில் அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் அந்த மாதிரித் தழும்பு அவருக்கு மட்டும் இல்லை.

அந்தக் கோடைக்கு முந்தைய தாளடி நடவின்போது ஒருநாள். குளத்தில் தண்ணீர் இருந்தது, பிள்ளைகள் கயிற்றில் இருந்தன. கூட்டம் முடிந்து கீழ்வேளூர்ப் பக்கத்துத் தோழர்கள் சிலரோடு சித்தப்பா குளக்கரை வழியாக வந்தார். அவர் மகன் கயிற்றின் முனையில் நின்றுகொண்டு, அப்பாவைப் பார்த்ததும் துள்ளினான். கயிறு இழுத்து உட்கார வைத்தது. கூட வந்தவர்களில் ஒருவர் விளையாட்டாகத்தான் சொன்னார்: "என்ன தோழர், ஒங்க ஊருல மரத்துல கட்டிப் போடுறது இன்னும் நிக்கலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். ஆனால் அவர் முகம் கறுத்துப்போனதை நான் பார்த்தேன். குனிந்து மகனின் முடிச்சை அவிழ்த்தார். அப்புறம் மற்ற பிள்ளைகளின் முடிச்சையும் ஒவ்வொன்றாக.

"என்னப்பா பண்ற?" என்றாள் அம்மா, குளத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அக்கா, இனிமே நம்ம புள்ளைங்க இடுப்புல கயிறு ஏறக் கூடாது."

"அப்ப கொளத்துல ஏறலாமா?"

"பேச்சுக்குச் சொல்லலக்கா. எங்கள கட்டுனாங்க, எங்கப்பன கட்டுனாங்க. இவனுமா?"

"அடப்பாவி, அவுங்க கட்டுனது அடிக்கிறதுக்கு. நான் கட்டுறது புடிக்கிறதுக்கு. எனக்குக் கால் இருந்தா நான் ஏன்பா கயிறு திரிக்கிறேன்?"

"கயித்துக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. புள்ளைக்கும் தெரியாது. மரத்துல கட்டுனா நிக்கணும்னு பழகிப்போவும். அந்தப் பழக்கம்தான் எனக்குப் பயம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. அம்மாவின் அப்பாவையும் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். அன்று மாலை சித்தி மட்டும் புருஷனிடம் சண்டை போட்டாள். "அவுங்க கட்டிப் போட்டதும் அக்கா கட்டிப் போடுறதும் ஒண்ணாய்யா? மாட்டுக்கும் தும்பு போடுறோம், அத அடிக்கிறதுக்கா போடுறோம்?" சித்தப்பா சாந்தமாகச் சொன்னார்: "அதான், மாடு இல்லடி நாம."

அந்தப் பேச்சு தெரு முழுக்கப் பரவியது. கேட்டவர்களுக்கெல்லாம் கண் கலங்கியது. அதற்கப்புறம் எந்தத் தாயும் அம்மாவிடம் பிள்ளையைக் கட்டச் சொல்லவில்லை. அம்மா கேட்கவும் இல்லை.

ஆனால் சித்தப்பா வாய்ச்சொல்லோடு விட்டுவிடுகிற ஆள் இல்லை. "படல் கட்டித் தரேங்க்கா. மரத்தச் சுத்தி, கொளத்துப் பக்கம் முழுக்க. புள்ள உள்ள சுதந்திரமா ஓடட்டும்" என்றார். அந்த நடவு முடிகிற வரைக்கும் பெண்கள் முறை போட்டு ஒருத்தி அம்மாவோடு இருந்தார்கள். கோடையில், சுவர் வைத்து மிச்சமான மூங்கிலைப் பிளந்து, சொன்னபடியே படல் பின்னத் தொடங்கினார். இடுப்புயரம். நெருக்கமான பின்னல், பூனைக்குட்டிகூட நுழையாது. மரத்துக்கு வடக்கே முடித்தார், தெற்கே முடித்தார். நடுவில், குளத்துப் படித்துறைக்கு நேராக, பெண்கள் குடத்தோடு போக வர ஓர் ஆள் அகலத்துக்கு வழி விட்டிருந்தார். அதற்குத் தட்டி ஒன்று பின்னி, கொக்கி வைத்து மாட்டினால் வேலை முடிந்தது.

அதற்குள் போராட்டம் வந்துவிட்டது. குறுவை நடவுக்குக் கூலி பேசி முடியவில்லை. பண்ணை, கும்பகோணம் பக்கமிருந்து ஆள் கொண்டுவரும் என்று பேச்சு. எங்கள் ஆட்கள் வயலில் கொடி நட்டு உட்கார்ந்தார்கள். போலீஸ் வேன் வந்து தெருமுனையில் நின்றது. சித்தப்பா பகலில் வீட்டுக்கு வருவதே இல்லை. வேலை இல்லாததால் தாய்மார்கள் எல்லோரும் வீட்டில், பிள்ளைகள் அவரவர் மடியில். படலில் அந்த வழி அப்படியே கிடந்தது. அதைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை. அம்மாவுக்கு மட்டும் இருந்தது. "ஒரு தட்டிதான? நான் பின்னிப்புடுவேன்" என்று மூங்கில் சீவி உட்கார்ந்தாள். அரிவாள் விரலில் பட்டு, சித்தி வந்து பிடுங்கி வைத்துவிட்டாள். "அவரு வந்து செய்வாருக்கா, நீ சும்மா இரு."

அந்தத் தகராறுகளுக்கு நடுவில்தான் வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்தது. முன்பெல்லாம் குளத்துக்குத் தண்ணீர் திருப்புகிற அன்று பண்ணை ஆள் வந்து சொல்லிவிட்டுப் போவான். அந்த வருஷம் பேச்சுவார்த்தையே இல்லை. மதகைத் திறந்துவிட்டார்கள். ஒரு காலையில் எழுந்து பார்த்தால் குளத்தின் தரையில் செம்மண் நிறத்தில் தண்ணீர் விரித்துக் கிடந்தது. ஓரத்தில் கணுக்கால் அளவு. பார்த்தால் எங்கும் அதே அளவுதான் என்று தோன்றும். பள்ளங்கள் இருந்த இடமே தெரியவில்லை.

அன்றைக்கே தாலுகா ஆபீசில் பேச்சு முடிந்து ஒப்பந்தமாயிற்று. சித்தப்பா தோளில் துண்டோடு, முகம் முழுக்கச் சிரிப்போடு தெருவில் நுழைந்தார். அவர் பின்னால் தெருவே கத்திக்கொண்டு வந்தது. நாற்று முற்றிப் போய்க் கிடந்ததால் மறுநாள் விடிந்ததும் எல்லோரும் வயலில் இறங்க வேண்டும் என்று முடிவு.

அந்த விடியலில் நான் அம்மாவோடு குளக்கரைக்குத் தூளிச் சேலைகளைச் சுமந்துகொண்டு போனேன். சித்தப்பா நாற்றங்காலுக்குப் போகிற வழியில் நின்றார். அம்மா படலைக் காட்டினாள்.

"முடியலையேப்பா."

"இன்னிக்கு ஒருநா போவட்டும்க்கா. நாளைக்கு மொத வேல அதான். தட்டிய மாட்டிட்டுத்தான் வயக்காட்டுல கால வப்பேன்."

அவர் போன பிறகு சித்தி மகனைக் கொண்டுவந்து விட்டாள். அவளுக்கு அப்போது வயிற்றில் இரண்டாவது பிள்ளை, இன்னும் வெளியில் தெரியாத மாதம். அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஏன்டி, இன்னிக்கு மட்டும் கட்டிக்கட்டுமா? அவரு கண்ணுல படாம, அந்தி சாயுறதுக்குள்ள அவுத்துடுறேன்."

சித்தி நாற்றங்கால் பக்கம் பார்த்தாள். "வேணாங்க்கா. இன்னிக்குத்தான் சிரிச்ச மொகமா இருக்காரு. நீ இருக்கல்ல" என்றாள். மகன் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அம்மா வேறு வழி செய்தாள். படலில் விட்டிருந்த வழியில் தானே போய்க் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். அவளே தட்டி. நான் வயலுக்குப் போனேன்.

அதற்கப்புறம் நடந்தது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் அதைச் சொன்னதும் ஒரே ஒரு தடவைதான். தூளியில் கிடந்த குழந்தை ஒன்று திடீரென்று வீறிட்டது. பசி அழுகை இல்லை, கடி வாங்கிய அழுகை. மரத்திலிருந்து செவ்வெறும்பு இறங்கித் தூளிக்குள் போயிருந்தது. நீட்டின காலை இழுத்து, படலைப் பிடித்து எழுந்து, தூளிக்குப் போய்க் குழந்தையைத் தூக்கி உதறி, கழுத்திலும் அக்குளிலும் கவ்விக்கொண்டிருந்த எறும்புகளைப் பிடுங்கியெடுத்தாள். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கும்போது மற்ற பிள்ளைகள் இருந்தார்கள். அவன் இல்லை. சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒரு தெறிப்புக்கூட இல்லை. தண்ணீரில் விழுகிற பிள்ளை கத்தும், கூப்பிடும் என்றுதான் அதுவரை நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அம்மா அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பெரிய பிள்ளைகளில் ஒருத்தி சிரித்துக்கொண்டே கையைக் காட்டினாள்.

"கண்ணத்தை, அவன் கொளத்துல ஒளிஞ்சிக்கிட்டான்."

கோடை முழுக்க விளையாடிய இடம். அவனுக்குத் தெரிந்த பள்ளம். கணுக்கால் தண்ணீரில் நடந்து தன் வீட்டுக்குள் போவதுபோல் போயிருக்கிறான்.

அம்மா போட்ட சத்தம் வயலில் எங்களுக்குக் கேட்டது. நான் கேட்ட சத்தங்களில் அதை மட்டும் எந்தச் சொல்லாலும் எழுத வராது. நாற்று முடிகளை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் ஓடினோம். எனக்கு முன்னால் சித்தி ஓடினாள். கரை திரும்பியபோது, அம்மா தண்ணீருக்குள் விழுந்து, மடங்காத காலோடு எழ முடியாமல், கையால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தாள். சித்தப்பா நாற்றங்காலிலிருந்து வந்து நேராகக் குளத்தின் நடுவுக்கு ஓடினார். மண் வெட்டிய ஆள், எந்த இடம் என்று அவருக்குக் காட்ட வேண்டியதில்லை. ஒரே முக்கில் பிள்ளையை எடுத்துக்கொண்டு மேலே வந்தார்.

கரையில் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றினார்கள். குடத்தைக் கவிழ்த்து வயிற்றை அதன் மேல் வைத்து அழுத்தினார்கள். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். வாய் வழியாகச் செம்மண் தண்ணீர் வந்தது. வேறொன்றும் வரவில்லை. சித்தப்பா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குடவாசல் ரோட்டைப் பார்த்து ஓடினார். ரோட்டில் ஒரு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது சித்தப்பா ஓடவில்லை.

அன்று மாலை பண்ணையின் காரியக்காரர் குடை பிடித்துக்கொண்டு தெருமுனைவரை வந்தார். துக்கம் கேட்க வந்தாரோ என்னவோ. வாய் சும்மா இருக்கவில்லை. "கட்டிப் போட்டா கௌரவக் கொறச்சல்னு சொன்னீங்களாம். இப்ப பாத்தியளா?" என்றார்.

கொதித்து எழுந்தவர்களைத் தள்ளிவிட்டு முன்னால் போனது அம்மாதான். காலை இழுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். "ஐயா, எங்க பொணம் எங்களோட. நீங்க வூட்டுக்குப் போங்க" என்றாள். அவர் போய்விட்டார். அம்மா திரும்பி வந்து சித்தியின் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை. உள்ளே வா என்று யாரும் சொல்லவும் இல்லை.

பிள்ளையைப் புதைத்த மறுநாள் காலையில் சித்தப்பா மூங்கிலும் அரிவாளுமாகக் குளக்கரையில் உட்கார்ந்திருந்தார். தட்டி பின்னினார். அவ்வளவு நெருக்கமாக யாரும் பின்னியிருக்க மாட்டார்கள். அம்மா ஒரு கயிற்றுக் கண்டை எடுத்துக்கொண்டு போனாள். அவர் கையை நீட்டும்போதெல்லாம் ஒரு துண்டு கயிற்றைக் கொடுத்தாள். தட்டியை மாட்டி, கொக்கியை இரண்டு தடவை போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டே அவர் அழுதார். "முடிச்சிட்டியேப்பா" என்றாள் அம்மா. படல் முடிந்தது. ஆனால் அந்தப் படலுக்குள் அந்த வருஷம் யாரும் பிள்ளையை விடவில்லை. அம்மாவும் போய் உட்காரவில்லை.

தெருவில் அம்மாவை நேரில் யாரும் ஏசவில்லை. "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. "காலு வெளங்காதவகிட்ட வுட்டோமே" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் உண்டு. அம்மா இரண்டையும் காதில் வாங்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு ஆள் சொல்லாததுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

சித்தி அம்மாவிடம் பேசாமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. குழம்பு கொடுத்தாள். தலையில் பேன் பார்த்துவிட்டாள். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது முன்னால் நின்று பேசினாள். அக்கா என்ற சொல்லில் ஓர் எழுத்து குறையவில்லை. ஆனால் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து, தலை நின்று, தெருவில் கைக்குக் கை மாறி வளைய வந்தபோது, அம்மா மட்டும் கையை நீட்டினால், "ஈரம் பண்ணிட்டாக்கா", "தூங்கப் போறாக்கா" என்று ஏதாவது சொல்லி சித்தி நகர்ந்துவிடுவாள். நடவுக்குப் போகும்போது அந்தக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு போனாள். வரப்பில் ஓலைக் குடையின் கீழ் கிடத்திவிட்டு, நட்டுக்கொண்டே நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பாள். வரிசையில் பிந்திவிட்டாள் என்று கங்காணி கத்துவான். நானோ பக்கத்தில் நடுகிறவர்களோ அவள் பங்கையும் சேர்த்து நட்டுவிடுவோம்.

"அவளுக்கு எம்மேல கோவம் இல்லடி" என்று ஒருநாள் அம்மா என்னிடம் சொன்னாள். "கோவம்னா ஆறும். இது பயம். பயத்த யாரு ஆத்துறது?"

சில வருஷம் போய், எங்கள் தெருவுக்குப் பால்வாடி வந்தது. ஓட்டுக் கட்டடம், குளத்திலிருந்து தள்ளி, தெருவின் மேற்குக் கோடியில். ஆயா வேலைக்கு ஆள் எடுக்க ஆபீசிலிருந்து ஓர் அம்மாள் வந்து தெருவைக் கூட்டிக் கேட்டார். எல்லோருக்கும் என் அம்மாவைச் சொல்லத்தான் வாய் வந்தது, ஆனால் யாரும் சொல்லவில்லை. எல்லோர் கண்ணும் சித்தியின் மேல்தான். சித்தி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "அக்காவே இருக்கட்டும். அவுங்களவிட நல்லா பாக்குற ஆளு யாரு இருக்கா?"

அம்மா அன்று மாலை அழுததை நான் பார்த்தேன். சந்தோஷம் என்று நினைத்தேன். "வாயால சொல்லிட்டா, புள்ளைய குடுக்க மாட்டா" என்றாள் அவள்.

அப்படித்தான் ஆனது. தெருப் பிள்ளைகள் எல்லாம் பால்வாடிக்குப் போயின. சித்தியின் பெண் மட்டும் வரப்பில். ஆயாக்களுக்கு நடந்த பயிற்சியில் ஒரு நர்ஸ், தண்ணீரில் முங்கிய பிள்ளையைச் சுற்றக் கூடாது, தலையை நிமிர்த்தி வாயில் மூச்சை ஊத வேண்டும் என்று பொம்மையை வைத்துச் செய்து காட்டினாராம். எல்லோரும் செய்து பார்த்தார்கள். அம்மாவின் முறை வந்தபோது பொம்மையைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டாளாம். வீட்டுக்கு வந்து, "ஊதுனா போதுமாம்டி" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

நான் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த வருஷம் அது. ஒரு காலையில் சித்தியின் பெண் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து, யாரிடமும் சொல்லாமல், தானாகப் பால்வாடிக்கு வந்துவிட்டாள். சத்துமாவு உருண்டை வாசனைதான் காரணமாக இருக்கும். நான் அம்மாவுக்கு ஒத்தாசையாக உள்ளே இருந்தேன். வாசலில் அவள் வந்து நின்றதும் அம்மாவின் கை அப்படியே நின்றது.

"ஆயா, எனக்கு?"

அம்மா அவளைத் தொடவில்லை. "உள்ளார வந்து குந்து தாயி" என்று இடத்தைக் காட்டினாள். பெரிய பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, வயலுக்கு ஓடிப்போய்ச் சொல்லு, புள்ள இங்க இருக்கு, பயப்பட வேணாம்னு சொல்லு என்று அனுப்பினாள். வாசலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு மனையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சித்தி வருகிற வரைக்கும் மற்ற வேலை எல்லாம் நான்தான் செய்தேன். அம்மா அந்தப் பிள்ளையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

சித்தி முழங்கால்வரை சேற்றோடு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. வாசலில் நின்று பார்த்தாள். பிள்ளை வாய் நிறைய உருண்டையோடு அவளைப் பார்த்துச் சிரித்தது. சிரிப்பு அண்ணனுடையது.

"தானாத்தான் வந்தா" என்றாள் அம்மா. "நான் கூப்புடல."

"தெரியும்க்கா."

"தூக்கிட்டுப் போறியா?"

சித்தி சேற்றுக் காலோடு வாசற்படியில் உட்கார்ந்தாள். "சாப்புட்டு முடிக்கட்டும்" என்றாள்.

பிள்ளை ஆற அமரத் தின்றது. இன்னொன்று கேட்டது. அம்மா கொடுத்தாள். வயலில் சித்திக்காக வரிசை காத்துக்கொண்டிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அவசரப்படவில்லை. சித்தி உள்ளே தூங்குகிற பிள்ளைகளையும், மூடி வைத்திருந்த தண்ணீர்ப் பானையையும், மேலே மாட்டியிருந்த வாசல் தாழ்ப்பாளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கையை நீட்டியதும் அம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். முந்தானையை எடுத்துத் துடைத்தது சித்தி.

அப்புறம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் உடனே போகவில்லை. நின்றாள். விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அம்மாவும் நினைத்திருப்பாள், மனையிலிருந்து கையை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டாள்.

"வரேன்க்கா" என்றாள் சித்தி.

"சரிம்மா. வெயில் ஏறுது. புள்ள தலையில துணியப் போட்டுட்டுப் போ."

சித்தி முந்தானையால் பிள்ளையின் தலையை மூடிக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தாள். அந்தப் பெண் தோளுக்கு மேலாக எட்டி அம்மாவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனது. இருவரும் வயலில் நின்ற பெண்களோடு சேர்கிற வரைக்கும் அம்மா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே ஒரு பிள்ளை அழ, காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.